திறக்கிறது, படிக்க முடியவில்லை

மார்ச் 2, ஞாயிறு

கடைசியில் செய்துவிட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து இலவச சிஸ்டம் ஏற்றியாயிற்று. ஐந்து வருடமாகத் திருட்டுக் காப்பியில் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த உடனே ‘உங்கள் பிரதி அசல் அல்ல’ என்று முகத்தில் அறையும். பிறகு பத்து நிமிடம் முக்கி முனகி எழும். பகல் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறேன். என் வீட்டில் இப்படி ஒரு நோயாளி. வெட்கக்கேடு.

“ஓடுற வண்டிய ஏண்டி நோண்டுற?” என்றாள் அம்மா.

எங்கே ஓடியது? உருண்டுகொண்டிருந்தது.

அக்காவின் ஃபைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். முடிந்ததும் திரும்ப ஏற்றிவிட்டேன். ஒன்றுகூட விடவில்லை. எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

அக்கா வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

“இங்க வா.”

கத்தினால் சமாளிக்கலாம். அக்கா தாழ்ந்த குரலில் கூப்பிட்டால்தான் பயம்.

திரையில் வரிக்கு வரி ஆங்கில எழுத்துகள். நடுநடுவே அரைப்புள்ளி, சதுரம், டாலர் குறி. முப்பத்தெட்டுப் பக்கமும் அப்படியே.

“எங்கடி என் ஃபைலு?”

“இதான்க்கா.”

“இதுவா?”

அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வேலையில் எல்லோருக்கும் சொல்கிற அதே முட்டாள்தனம். மறுபடி அதே டாலர், அதே சதுரம். அக்கா சாப்பிடவில்லை.

மார்ச் 5, புதன்

என்ன செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். நன்றாக உறைக்கட்டும்.

அக்கா தையல் தொழிற்சாலையில் நான்காவது வரிசையில் இருக்கிறாள். அங்கே கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். வரிசையில் அறுபது பெண்கள், டோக்கன் ஒன்று. மூன்று நிமிடம் தாண்டினால் நோட்டில் பெயர் ஏறும். நவம்பரில் சிட்டு என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் மிஷின் மேலேயே சரிந்து விழுந்தாள். அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார் டாக்டர். கம்பெனி என்ன சொல்கிறது? டோக்கன் கிடையாது, நோட்டு கிடையாது, எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதில்லையாம். அடப்பாவிகளா, போக விடாமல் வைத்தால் எவள் குடிப்பாள்?

வழக்கு தொழிலாளர் அலுவலகத்தில் இருக்கிறது. விசாரணை 19ஆம் தேதி.

மொத்தம் இருபத்திரண்டு வாக்குமூலங்கள். விடுமுறை நாட்களில் ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல அக்காதான் அடித்தாள். காகிதத்தில் எடுக்கவே இல்லை. தொழிற்சாலை வாசலில் பையைக் கொட்டிச் சோதிக்கிறார்கள், சாப்பாட்டு டப்பாவைக்கூட விடுவதில்லை. அதனால் விசாரணை அன்று காலை வக்கீலம்மா அறையில் அச்செடுத்து அங்கேயே கையெழுத்து வாங்குவது என்று ஏற்பாடு. அதுவரை எல்லாம் இந்த ஒரே பெட்டிக்குள்.

அந்தப் பெட்டியைத்தான் நான் துடைத்தேன்.

ஃபைல் கெடவில்லை என்பதுதான் கொடுமை. அக்கா முன்பு ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்தவள். அங்கிருந்த ஃபாண்ட்டைத்தான் வீட்டிலும் போட்டிருந்தாள், அந்த விரல் பழக்கத்திலேயே எல்லாவற்றையும் அடித்தாள். அது பழைய வகை. ஃபைலுக்குள் இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. அதற்குத் தமிழ் முகம் கொடுப்பது அந்த ஃபாண்ட். நான் ஃபைலை எடுத்தேன், முகத்தை அழித்துவிட்டேன். தமிழில் தெரிந்ததால் உள்ளேயும் தமிழ்தான் இருக்கும் என்று நினைத்தேன். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இதுதானே என் வேலை?

மறுபடி அவர்களிடம் கேட்டு எழுதலாமே என்றேன்.

“ஏழு பேர வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. மீதிப் பேரு பஸ்ல என் பக்கத்துல உக்காரவே பயப்படறாங்க. கையெழுத்துக்கு வர்றேன்னு சொன்னதே பெருசு. இன்னொரு தடவ வாயத் திறக்கச் சொன்னா அதுவும் போயிடும்டி.”

மார்ச் 6, வியாழன்

அழிந்ததை மீட்கும் மென்பொருள் இரண்டு போட்டுப் பார்த்தேன். பழைய பாட்டு நாற்பது வந்தது. ஃபாண்ட் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அச்சகக்காரரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். அச்சகத்தை மூடி நாலு வருடமாகிறது, இப்போது தண்ணீர் கேன் போடுகிறார்.

“அந்தக் கம்ப்யூட்டர எடைக்குப் போட்டாச்சும்மா.”

“ஃபாண்ட்டோட பேராவது ஞாபகம் இருக்கா சார்? கடையில கிடைக்குமே.”

“பேரு என்ன பேரு... அது கடைல கிடைச்சதுதான். ஆனா பத்துப் பதினஞ்சு எழுத்த நான் என் வசதிக்கு இடம் மாத்திட்டேன். சுண்டுவிரல் சரியா நீட்ட வராது எனக்கு.”

“எந்த எந்த எழுத்து சார்?”

“அதெல்லாம் விரலுக்குத்தாம்மா தெரியும். எனக்கெங்க தெரியும்?”

ஒரு மனிதரின் சுண்டுவிரலில் இருபத்திரண்டு பெண்களின் வழக்கு.

மார்ச் 8, சனி

இன்றைக்கு ஒரு காரியம் செய்யப் பார்த்தேன்.

பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றித் தருகிற இணையதளம் ஒன்று. பெட்டியில் ஒட்டு, பொத்தானை அழுத்து, அவ்வளவுதான். முதல் பத்தியை ஒட்டி அழுத்தினேன். அரைகுறையாகத் தமிழ் வந்தது. வந்த முதல் வரியிலேயே ஒரு பெண்ணின் முழுப்பெயரும் அடையாள அட்டை எண்ணும்.

மின்சாரம் தொட்டதுபோல் இருந்தது. இணைய வயரைப் பிடுங்கி எறிந்தேன். யாருடைய தளம் அது? ஒட்டியதை எங்கே வைத்துக்கொள்கிறான்? கீழே ‘உங்கள் உரை எங்கள் சேவையை மேம்படுத்தச் சேமிக்கப்படலாம்’ என்று எறும்பு சைஸில் எழுதியிருக்கிறது. யார் யார் பேசினார்கள் என்று தெரிந்துகொள்ளக் கம்பெனிக்காரன் வாசலில் பையைக் கொட்டுகிறான். நான் பட்டியலை நானே தூக்கித் தெருவில் வைக்கப் போனேன்.

போனது ஒரு பத்திதான். ஒரு பெயர்தான். அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்” என்றாள். அறைந்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

முடிவு: இணையம் வேண்டாம். வயர் பிடுங்கினபடியே இருக்கட்டும். அலுவலகத்தில் ஒருவன் கொடுத்த சின்ன மாற்றி ஒன்று இருக்கிறது, நெட் இல்லாமலே ஓடும். அது முக்கால்வாசி எழுத்தைச் சரியாக மாற்றுகிறது. அச்சகக்காரர் இடம் மாற்றிய எழுத்துகளை மட்டும் நான் கையால் பிடிக்க வேண்டும். ‘கண்டுபிடி, மாற்று’ — ஒவ்வொன்றாக.

முதல் முயற்சியில் இரண்டு மாற்றங்களை வரிசை தப்பிச் செய்துவிட்டேன். ளகரத்தை லகரமாக்கி, லகரத்தை ளகரமாக்கினேன். இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. குழம்பில் விழுந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? நல்லவேளை, இந்தத் தடவை நகல் வைத்திருந்தேன். நாலு நகல்.

மார்ச் 11, செவ்வாய்

விடியற்காலை நாலரைக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பும்வரை இதே. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, மேசைமேல் வெறுங்கையால் தட்டச் சொன்னேன்.

“ழ அடி.”

விரல் தானாகப் போகிறது. அந்த இடத்தில் விசைப்பலகையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

“ற?”

“இங்க... இல்ல, இரு. யோசிச்சா வரமாட்டேங்குது. ஏதாவது பேசு.”

“உங்க மேற்பார்வையாளன் மூஞ்சி எப்படிக்கா இருக்கும்?”

“வேகாத உருளைக்கிழங்கு மாதிரி” என்று சொல்லும்போதே விரல் சரியான இடத்தில் விழுந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். ஒரு வாரத்துக்குப் பிறகு.

பதிமூன்று எழுத்து. எல்லாம் கிடைத்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

ஒன்பது வாக்குமூலம் சரியாகிவிட்டது. எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பதால் படிக்காமல் தப்பிக்க வழியில்லை. ஒருத்தி காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போகிறாள். ஒருத்தி மாதத்தில் நாலு நாள் இரண்டு பாவாடை கட்டிப் போகிறாள். ஒருத்தி டோக்கன் கேட்டதற்கு, ‘வீட்ல பண்ணிட்டு வரமாட்டியா?’ என்று அறுபது பேர் முன்னால் கேட்டிருக்கிறான் அந்த உருளைக்கிழங்கு. நாம் போடுகிற சட்டையெல்லாம் இப்படித்தான் வருகிறது. காலர் மட்டும் விறைப்பாக இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

பதினேழாவது அக்காவுடையது.

படித்தேன். திரும்பப் படித்தேன். எழுத்து மாறியிருக்குமோ என்று மூலத்தோடு ஒப்பிட்டேன். இல்லை. சரியாகத்தான் இருக்கிறது.

‘நான்காவது வரிசையின் கழிப்பறை நோட்டை எழுதியவள் நான். மேற்பார்வையாளர் என்னிடம் கொடுத்தார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்றார். பதினான்கு மாதம் எழுதினேன். சிட்டு விழுந்த அன்று காலை அவள் மூன்றாவது முறை டோக்கன் கேட்டாள். இப்பத்தானே போனே என்று சொல்லித் திருப்பி அனுப்பியது மேற்பார்வையாளர் அல்ல. நான்.’

வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இது உள்ளே போனால் கம்பெனிக்குக் கொண்டாட்டம். எல்லாவற்றையும் அக்கா தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவுவான். வேலை போகும். வேலை மட்டுமா?

இது இல்லாவிட்டால்? நோட்டைக் கையில் பிடித்து எழுதியவள் இவள் ஒருத்திதான். மற்ற இருபத்தொரு பேரும் தூரத்திலிருந்து பார்த்தவர்கள்.

இந்த ஃபைலைப் படிக்கத் தெரிந்தவள் இன்றைக்கு உலகத்திலேயே நான் மட்டும்தான்.

மார்ச் 15, சனி

“எல்லாம் வந்துடுச்சுக்கா. ஒண்ணு மட்டும் வரல. கெட்டுப்போச்சு.”

“எது?”

“பதினேழு.”

தலை துவட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். வேலையில் தினமும் பத்துப் பேரிடமாவது ‘மன்னிக்கவும், உங்கள் ஃபைல் மீட்கும் நிலையில் இல்லை’ என்று சொல்கிறேன். அதே குரலில்தான் சொன்னேன். குரல் ஆடவே இல்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

“சரி” என்றாள். மறுபடி தலையைத் துவட்டினாள்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் காபி குடித்த டம்ளரை வைத்துவிட்டு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரு. நான் சொல்றேன், நீ அடி.”

“என்னத்தக்கா?”

“பதினேழ.”

சொன்னாள். ஏறக்குறைய அதே வார்த்தைகள். பாடம் ஒப்பிப்பதுபோல் அல்ல. நிறுத்தி, மூச்சு விட்டு. நான் அடித்தேன். ‘நான்’ என்று முடிகிற அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“இன்னும் இருக்கு. அடி. ‘அவள் கை நீட்டியபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.’”

பழைய ஃபைலில் அந்த இரண்டு வரி இல்லை.

“அக்கா, இது வேணாமே. இத வெச்சு உன்ன—”

“தெரியும். அடி.”

அடித்தேன். எழுத்து திரையில் கலங்கலாகத் தெரிந்தது, அது ஃபாண்ட் கோளாறு இல்லை.

எழுந்து போகும்போது என் பின்மண்டையில் ஒரு தட்டு. “இருபத்தொண்ண விட்டுட்டுப் பதினேழ மட்டும் கெடுக்கத் தெரிஞ்ச கம்ப்யூட்டர எங்கடி புடிச்ச?”

மார்ச் 19, புதன்

விடுப்பு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வக்கீலம்மா அறையில் மூன்று நாற்காலி, பத்தொன்பது பெண்கள். மூன்று பேர் வரவில்லை. அதில் ஒருத்தியின் பெயர்தான் நான் அந்தத் தளத்தில் ஒட்டியது. அதனால்தானா? இல்லை, அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை.

சிட்டு வந்தாள். இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். கையெழுத்துக்கு முன் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றாள். விரலை வரிமேல் வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தவள் பதினேழில் நின்றாள். அக்கா எதிரே நின்றுகொண்டிருந்தாள், உட்காரவில்லை.

“அன்னைக்கு நீங்க ஒரு தடவ நிமிந்து பாத்திருக்கலாம்க்கா.”

“ஆமா.”

சிட்டு பேனாவை வாங்கித் தன் தாளில் கையெழுத்துப் போட்டாள். பிறகு அக்காவிடம் நீட்டினாள். அவ்வளவுதான். வேறெதுவும் நடந்ததாக நான் எழுதமாட்டேன்.

விசாரணை பதினைந்து நிமிடம். நகல் கம்பெனி வக்கீலுக்குப் போனது. அவர் புரட்டினார், பதினேழில் மூலையை மடித்துவைத்தார். ‘அப்படி ஒரு நோட்டே கிடையாது’ என்று மறுபடி சொன்னார். அடுத்த தேதி ஏப்ரல் 9.

மார்ச் 26, புதன்

ஒன்றுமில்லை. அக்காவோடு வரிசையில் யாரும் பேசுவதில்லை. பேசாதே என்று உத்தரவாம்.

ஏப்ரல் 2, புதன்

பதிவுத் தபால். அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தாள். நான் தோளுக்குமேல் எட்டிப் படித்தேன். ‘நான்காம் வரிசைக்காக நிர்வாகத்தால் தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட கழிப்பறைப் பதிவேடு எண் 4-ஐ விதிகளுக்கு மாறாகப் பராமரித்து, சக ஊழியரின் உடல்நலத்துக்குக் கேடு விளைவித்ததற்காக இன்று முதல் தற்காலிகப் பணிநீக்கம்.’ கம்பெனி முத்திரை. மேலாளர் கையெழுத்து.

அம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “பேசாம இருந்திருக்கலாமே பாவி மக... அடுத்த மாசம் என்ன பண்ணுவோம்?” எனக்கும் அதேதான் தோன்றியது. காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அக்கா வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, அழுத்தமாக வாசித்தாள். வக்கீலம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “இன்னொரு தடவ படிங்க. பதிவேடு எண் எவ்வளவு?”

“நாலு.”

“அவங்களே எழுதியிருக்காங்களா? முத்திரையோட?”

“ஆமாங்க.”

“அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னாங்களேம்மா! நாலு இருந்தா ஒண்ணு, ரெண்டு, மூணு எங்கன்னு நான் ஒன்பதாம் தேதி கேக்கறேன்.”

அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, கடிதத்தை மடிப்பு போக நீவினாள். தற்காலிகம் என்றாலும் வேலை போனதுதான், அது அவளுக்குத் தெரியும்.

“அழாதம்மா” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இத ஸ்கேன் பண்ணி மூணு எடத்துல வை. அசல் எங்கிட்டயே இருக்கட்டும். அத நீ தொடாத.”