கிளி எடுத்த டாரட் சீட்டு

12.7.1996, வெள்ளி

தூக்கம் வரவில்லை. கை பரபரக்கிறது.

துபாயிலிருந்து திரும்பிய கீழக்கரை நண்பர் ஜமால் நான் கேட்ட மூன்றையும் கொண்டுவந்துவிட்டார்: எந்தக் கொட்டகையும் திரையிடத் துணியாத பேய்ப்படக் கேசட், காதைக் கிழிக்கும் ஹெவி மெட்டல் பாட்டு, மேல்நாட்டார் குறி பார்க்கும் டாரட் சீட்டு ஒரு கட்டு. படத்தைக் காலையிலேயே இரண்டு முறை பார்த்தேன். சீட்டுக்குப் பலன் சொல்லும் புத்தகம்தான் இல்லை. பொறுக்க முடியாமல் ராமேஸ்வரம் போய், கோயில் வாசல் கிளி ஜோசியரிடம் என் சீட்டுகளை அடுக்கச் சொன்னேன்.

"கிளிக்கு இது பழக்கமில்ல சார். என்ன காரியம்?"

"பேய்க்கதை எழுதுறேன். அடுத்ததாவது பத்திரிகையில வருமா?"

"பேயா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா!"

மூன்று கதைகளைத் திருப்பியனுப்பிய ஆசிரியரை நான் மன்னிக்கவில்லை. என் பேய்களுக்கு வெள்ளைச் சேலை இல்லையாம், கொலுசு இல்லையாம்.

கிளி ஒரு சீட்டை இழுத்துப் போட்டது. ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன். ஜோசியர் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"மூஞ்சியப் பாருங்க சார், நோவே இல்ல. யாரும் தொங்கவிடல, இவனா ஏறித் தொங்குறான். எறங்கச் சொன்னா சண்டைக்கு வருவான்."

திரும்பும் ரயில் பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் கதை முழுதும் வந்துவிட்டது. யாரையும் பழிவாங்காத பேய். வீட்டார் எவ்வளவு கெஞ்சியும் உத்தரத்தை விட்டு இறங்காத பேய். இப்படி யாரும் எழுதியதில்லை!

பாட்டைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கம் எழுதினேன். பேய்க்கு அந்த ஆசிரியரின் பெயரை வைத்திருந்தேன். ஒட்டவில்லை. அடித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். பேனா நிற்கமாட்டேன் என்கிறது.