ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நகல்

மரக்காணம்,
18.6.2006

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவள்ளி எழுதுகிறேன். பாப்பா சுகம். கீழ்ப்பல் இரண்டு முளைத்து, கையில் கிடைப்பதை எல்லாம் கடிக்கிறாள். போன வாரம் பெய்த மழையில் உப்பளத்துப் பாத்தி உப்பெல்லாம் கரைந்துபோனது. நான்கு நாளாக வேலையில்லை. மஸ்கட் வெயிலைப் பற்றிக் கூனிமேட்டு பாய் சொன்னதில் இருந்து உங்கள் நினைப்புத்தான்.

உங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

போன ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, பாப்பா பிறந்த அன்று நீங்கள் வரவில்லை. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் நிற்காமல் போனபோது தம்பி அர்ச்சுனன்தான் ரத்தம் கொடுத்தான், கூடவே கிடந்தான். நீங்கள் மறுநாள் சாயங்காலம் வீங்கின கன்னத்தோடு வந்தீர்கள். பல்வலி என்றீர்கள். லோடு ஏற்ற வெளியூர் போயிருந்ததாகச் சொன்னீர்கள். நம்பினேன்.

நீங்கள் விமானம் ஏறிய பிறகு ஒருநாள் ஷேர் ஆட்டோ அப்பாவு பேச்சுவாக்கில், பாப்பா பிறந்த மறுநாள் உங்களையும் சகாயசெல்வியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார். எங்கிருந்து என்றேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருந்து என்றார்.

நம் கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் இரண்டு பேரையும் பற்றி ஊரில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் இன்னும் கல்யாணம் கட்டாமல் இருப்பதும் தெரியும். அன்றிலிருந்து உப்பளத்தில் அவள் பக்கம் திரும்பினாலே எனக்கு வயிறு எரியும். நேராகவே கேட்டேன். உன் வீட்டுக்காரரைக் கேள் என்று சொல்லிவிட்டு உப்பை வாரப் போய்விட்டாள். போனில் உங்களைக் கேட்டேன், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள்.

அதனால் போலீசையே கேட்டேன். ஸ்டேஷன் ரைட்டர், பெண்டாட்டி சந்தேகத்துக்கு எல்லாம் ரெக்கார்டு காட்ட முடியுமா என்று சிரித்தார். அப்புறம் மகளிர் குழுக் கூட்டத்தில், தகவல் கேட்கப் புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று சொன்னார்கள். மனு எழுதி, கோர்ட் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினேன். மணிவண்ணன் என்று உங்கள் பெயரில் யாரையும் அந்தத் தேதியில் கைது செய்யவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீட்டில், கைதைக் கேட்கவில்லை, பாப்பா பிறந்த நாளும் அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று நாளும் ஸ்டேஷனுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று எழுதின நாட்குறிப்பின் நகல் வேண்டும் என்று எழுதினேன். போன செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் வந்தது.

சாமி சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, முதலில் நான் தேடினது அவள் பெயரைத்தான். பத்தாம் தேதி உங்களை ஜாமீன் சொல்லிக் கூட்டிப் போனவள் சகாயசெல்வி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பக்கத்தில் உறவு என்று ஒரு இடம். அதைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாப்பாவைக் கீழே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஒரே உப்பளத்தில் வேலை செய்பவர் என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் எட்டாம் தேதியைப் படித்தேன். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் காணாமல் போனதற்குப் போலீசார் அர்ச்சுனனைத் தேடி வந்தார்கள். அன்றே வலி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் பக்கத்தில் அவன் இருந்தான். அவன் வரும்வரை நான் இருக்கிறேன் என்று அக்காள் கணவர் தானாக ஆஜர் ஆனார் என்று எழுதியிருக்கிறது. பத்தாம் தேதி, எஞ்சினை முதலாளியின் மருமகனே ரிப்பேருக்குப் பாண்டிச்சேரி அனுப்பியிருந்தது தெரிந்து விட்டுவிட்டார்கள். உங்களை அடித்ததை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. வீங்கின கன்னத்தைத் தொட்டுப் பார்த்தவள் நான். அதையும் எழுதியிருக்க வேண்டும் என்று இன்னொரு மனு அனுப்பியிருக்கிறேன்.

நேற்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சகாயசெல்வி வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன், வாய் வரவில்லை. ஏன் என்னிடம் மறைத்தாய் என்று சண்டைதான் போட்டேன். உனக்குத் தெரிந்தால் தையலைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்துவிடுவாய் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னாள். இரண்டு நாளும் காலையில் இருந்து ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஊர் என்ன பேசும் என்று அவள் யோசிக்கவில்லை. நானோ இத்தனை மாதமாக வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஆனாலும் எனக்கு ஆறவில்லை மாமா. நீங்கள் அடிபட்டது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் அரசாங்கத்தைக் கேட்டு அல்லவா தெரிந்துகொண்டேன். இனி எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள். நான் தாங்குவேன்.

பெருமுக்கல் மலை ஈஸ்வரன் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் காக்கட்டும். சகாயசெல்விக்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுத வேண்டும், அது நியாயம். ஆனால் தனியாக எழுதாதீர்கள். எனக்கு எழுதும் கடிதத்திலேயே எழுதுங்கள். நானே அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உங்கள்
அம்சவள்ளி