கையுறை விரலுக்குத் தெரிகிற பட்டன்

என் தங்கத் தம்பி முருகேசா,

நம்ம திருச்சுழிப் பக்கம் இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. மேலக்காட்டில் அம்மா உளுந்து போட்டிருக்கிறாள். உன் மகள் ஒன்றாம் வகுப்புப் போகிறாள். உன்னைப் போலவே, சோற்றில் தயிரைக் கண்டால் எழுந்துவிடுகிறாள்.

உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

போன வருஷம் நீ கடைசியாக லீவில் வந்த சித்திரை நினைவிருக்கிறதா? ராணுவத்துக்காக எங்கள் கம்பெனி செய்யும் வயர்லெஸ் செட்டை வடிவமைத்தவள் நான். பனிமலையில் அப்படி ஒன்றைச் சுமக்கிறவன் நீ. மாதிரியைப் பெருமையாகக் காட்டினேன். நீ என்ன செய்தாய்? அம்மா துவைத்து வேலியில் காயப்போட்டிருந்த பனிக்கையுறையை அந்த வெயிலில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஆபத்தில் உதவி கேட்கிற பட்டனைத் தேடினாய். செட்டை அணைக்கிற பட்டனை அழுத்தினாய். மறுபடியும் அதையே.

கவனமாக அழுத்து என்றேன்.

"அக்கா, அங்க கை மரத்துப் போயிரும். பனி அடிச்சா கண்ணும் தெரியாது. விரலுக்குத் தெரியணும்ல?"

பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். மறுநாள் உன்னைப் பஸ் ஏற்றிவிட அம்மா மட்டும்தான் வந்தாள்.

அந்த ஐப்பசியிலேயே, மலையில் நுரையீரலில் நீர் கோத்து நீ போய்விட்டாய். அதற்கும் எந்தக் கருவிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நீ சொன்னது என்னை விடவில்லை.

வேலைக்குத் திரும்பியதும், கையுறை போட்ட சிப்பாய்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். துக்கத்தை வேலைக்குள் கொண்டுவராதே என்று மேலாளர் தணிவாகத்தான் சொன்னார். ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போகும் என்பது அவர் கவலை. சோதிக்காமல் ஒப்படைப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். வேலை போகலாம் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

கடைசியில் சம்மதித்தார். சோதனைக்கு வந்த ஹவில்தார் ஒருவர் நம்ம பக்கத்து வீரசோழன் ஊர்க்காரர். மலைக்குளிர் வைத்த சோதனை அறைக்குள், கையுறையோடு அவரும் அணைக்கிற பட்டனைத்தான் அழுத்தினார். வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தான் தப்பா அமுக்கிட்டேன் மேடம். எழுதிராதீக."

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"தப்பு உங்க கையில இல்லண்ணே. நான் வரைஞ்சதுல இருக்கு."

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அது, தம்பி.

மேலாளர் பக்கத்தில்தான் நின்றார். அவரே தேதியைத் தள்ளக் கேட்டு எழுதினார். இப்போது உதவிப் பட்டன் தனியாக, மேடாக இருக்கிறது. அணைக்க வேண்டுமானால் இழுத்துத் திருப்ப வேண்டும். போன வாரம் முதல் லோடு மலைக்குப் போய்விட்டது.

என் மேல் வருத்தத்தோடுதான் போனாயா? இத்தனை நாள் கேட்கப் பயந்ததை அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அவன் எங்க வருத்தப்பட்டான்? எங்கக்கா பட்டாளத்துக்கு மிஷினு செய்யுதுன்னு கண்டக்டர்ட்ட பேசிக்கிட்டுல்ல போனான்" என்றாள். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த செட்டுக்கான வேலை தொடங்கிவிட்டது. தை பிறந்ததும் சிப்பாய்களின் முகாமுக்கே போகிறேன். அவர்களோடு இருந்து, அவர்கள் குறை சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகுதான் காகிதத்தில் முதல் கோடு போடுவேன். இது உனக்குச் செய்து தரும் சத்தியம்.

உன்னோடு பிறந்தவள்,
அக்கா தனலட்சுமி