அந்தம்மாவைத் திட்டியதையும் சேர்த்துச் சொன்னேன்

இன்று காலை நம் கிளினிக் அலுமாரியைத் திறந்ததும் உன் தைல வாசம் மூக்கில் ஏறியது. தெமோதரைத் தோட்டத்துப் பிள்ளையின் பைலிலிருந்துதான். தலைவலிக்காரி, தொட்டதையெல்லாம் மணக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

பேச்சுச் சிகிச்சை படிக்கும் மாணவிகள் நால்வர் பதுளைக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். வழக்கம்போல் அந்தக் கேஸைத்தான் கொடுத்தேன். மூன்று வயதுப் பெண் பிள்ளை, பேச்சு வரவில்லை, அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். தாய் வீட்டில் தினமும் பேச்சுக்கொடுத்துப் பழக்கினால் பலன் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. நாமும் அதைத்தான் சொல்லி அனுப்பினோம். பலனில்லை. ஏன்?

விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவருக்கு ஏது நேரம்? பகலெல்லாம் பிள்ளை இருந்தது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அங்கே பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம். நீ அங்கேயே போய் ஆயாவுக்குப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாய். பால் ஊற்றும்போதெல்லாம் அவர் பேச்சுக்கொடுத்தார். பிள்ளை பேசியது. "ஆய்வு பொய் சொல்லலடி. அதுல இருந்த அம்மா வேற, இந்த அம்மா வேற" என்பாய்.

நீ ஏன் அங்கே தேடிப்போனாய் என்பதை மட்டும் நான் வகுப்பில் விழுங்கிவிடுவேன். "நீங்க அக்கறை எடுக்கலன்னா புள்ள எப்படிப் பேசும்?" என்று அந்தம்மாமீது நான் எரிந்து விழுந்தேன். பிறகு அவர் கிளினிக் பக்கமே வரவில்லை. "அதையும் சொல்லு, அதுதான் பாடமே" என்று நச்சரித்தாய். நீ உயிரோடு இருந்தவரை நான் கேட்கவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

கொஸ்லந்தையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா மிஸ்?"

சாயங்காலமே தெமோதரைக்குப் பஸ் ஏறினேன். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்த அந்தம்மா என்னைப் பார்த்துப் பதறிப்போனார். மகள் இப்போது ஆறாம் வகுப்பாம், வாய் ஓயாதாம்.

"அன்னைக்கு உங்களத் திட்டுனது தப்புங்க. உங்க நெலமைய நாந்தான் கேக்கல" என்றேன்.

அவர் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அப்ப, புள்ள பேசாம இருந்தது என் குத்தம் இல்லீங்களா மிஸ்?"

"இல்லீங்க."

இத்தனை வருடமும் அதைச் சுமந்துகொண்டுதான் மலையேறியிருக்கிறார். இருவரும் அழுதோம், பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தோம். மனசு லேசாகிவிட்டதடி. உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. இனி அந்தக் கேஸை நான் ஆயாவோடு முடிக்க மாட்டேன். அந்தம்மா கேட்ட அந்தக் கேள்வியோடுதான் முடிப்பேன்.