ஷீட்டுச் சூடும் உன் கையும்

என் தங்க அம்மாவுக்கு, என் ராட்சசிக்கு,

இப்படி ஆரம்பித்தால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது, இனிமேல் எதை எடுத்து என் மேல் வீசப் போகிறாய்? உன் மேற்கு அறையைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த அறையின் சுவரை நானே கொத்திப் பூசி, கூரையின் சூடு கீழே இறங்காதபடி தடுப்பும் அடித்திருக்கிறேன். மேஸ்திரி இல்லை, சித்தாள் இல்லை. என் டீச்சர் வேலைக்குக் கிடைத்த கோடை லீவு முழுவதும் அதிலேயே போய்விட்டது.

உனக்கு நம்பிக்கை வராது. ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்பவள் என்று என்னை ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நீ. ஆம்பூர் பஜாரில் ஹார்ட்வேர் கடைக்காரரும் அப்படித்தான் பார்த்தார். "நீங்களேவாம்மா? வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்றார். "இருக்காரு, கோவிச்சுக்கினு போய்ட்டாரு" என்றேன். இருப்பதிலேயே கனமான சுத்தியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

சாமுவேல் ஏன் போனார் என்பதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? ஏப்ரல் கடைசி. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மேற்கு அறையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தலைக்கு மேல் கொதிக்கிறது. உன் பேத்தி ஜெனி விளையாட்டாக ஓடி வந்து மாவுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். அவளுக்கு எட்டு வயசு. என் கையில் இரும்புக் கரண்டி இருந்தது. தலையில் படாமல் இருக்க அவள் கையைத் தூக்கினாள், நான் அடித்த அடி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது அம்மா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ஜெனி சொன்னாள்: "கட்டில்லேர்ந்து விழுந்துட்டேன் டாக்டர்." யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நாலாம் வகுப்பில் என் புருவம் கிழிந்தபோது டீச்சரிடம் "கதவு இடிச்சிடுச்சு" என்று நான் சொன்னதை யார் சொல்லித் தந்தார்கள்?

சாமுவேல் கம்பெனி வேன் ஓட்டிவிட்டு வந்தார். மகளின் மாவுக் கட்டைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "அந்தக் கட்டில் எவ்ளோ உசரம்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அப்போது என் வாயிலிருந்து உன் வார்த்தைதான் வந்தது. "ஷீட்டு சூடுங்க. சூடு மண்டைக்கு ஏறிடுச்சு." எத்தனை முறை எங்களை அடித்து முடித்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இதைச் சொல்லியிருப்பாய். ஒரு எழுத்து மாறவில்லை.

அவர் நல்ல மனுஷன், நம்பினார். அண்ணாந்து ஷீட்டைப் பார்த்துவிட்டு, "அப்ப மொதல்ல ரூமை சரி பண்ணு. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பண்ணு. அது வரைக்கும் புள்ள பேரணாம்பட்டுல எங்கம்மா கிட்ட இருக்கட்டும்" என்றார். அவரும் கூடவே கிளம்பிவிட்டார். பஸ் ஏறும்போது ஜெனியிடம் குனிந்து, "அம்மா வேணும்னு அடிக்கல கண்ணு. புழுக்கத்துல இன்னா பண்றோம்னே தெரியல. ரூமை ஜில்லுன்னு ஆக்கிட்டுக் கூப்புடுறேன், வந்துடு" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

நீயும் அந்தக் கூரையோடு சண்டை போட்டவள்தானே? நீ ஷூவின் மேல்தோலான அப்பர் தைத்துக்கொண்டிருந்த கம்பெனியில் ஃபோமிலிருந்து ஷூவுக்கான அடிப்பாதத்தை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் துண்டுகளை மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தாய். ஒவ்வொரு துண்டிலும் பாதம் பாதமாக ஓட்டை. ஷூ ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் மேல் நின்று, ஷீட்டின் அடிப்பக்கம் முழுவதும் ஒட்டினாய். நானும் தம்பி டேவிட்டும் படுத்துக்கொண்டு பார்த்தால், தலைக்கு மேல் ஒரு ஊரே தலைகீழாக நடந்து போனதுபோல் இருக்கும். சூடு சொல்யூஷனை இளக்கும் என்று உனக்குத் தெரியாமலா இருந்தது? இருபது வருஷம் அந்தச் சொல்யூஷனோடு குப்பை கொட்டியவள் நீ.

சித்திரை வெயிலில் ஒன்றொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தது. ஒரு பாதம் கறிக்குழம்புச் சட்டிக்குள்ளேயே விழுந்தது. டேவிட் சிரித்தான், நானும் சிரித்தேன். நீ கரண்டியைத் திருப்பிப் பிடித்ததை நான் பார்க்கவில்லை. என் புருவம் அன்றைக்குக் கிழிந்ததுதான். டேவிட் வாசலுக்கு ஓடினான். கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த ஷூ அச்சை, அந்தக் கனத்த கால் கட்டையை, எடுத்து அவன் மேல் எறிந்தாய். இடது காதில் பட்டது. ரத்தம் சட்டைக் காலர் வரைக்கும் வந்தது. அந்தக் காது இன்றுவரை அவனுக்குக் கேட்காது.

கடைசி வரைக்கும் மிச்சமிருந்த ஏழெட்டுத் துண்டுகளை இந்த மே மாதம் நான் பட்டி பிளேடால் சுரண்டி எடுத்தேன். ஷீட்டை உடைக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது, அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் தண்ணீர் தெளித்துத் தெளித்து மெதுவாக எடுக்க வேண்டியிருந்தது. ஒரு துண்டின் பின்னால் காய்ந்த சொல்யூஷனில் உன் கட்டை விரல் ரேகை அப்படியே இருந்தது. அதை முத்தம் கொடுப்பதா, நெருப்பில் போடுவதா என்று தெரியாமல் ஸ்டூல் மேல் நின்று அழுதேன். பிறகு மற்றவற்றோடு சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

டேவிட்டுக்கு ஓசூருக்கு போன் பண்ணிச் சொன்னேன். "அதை இன்னாத்துக்கு ரிப்பேர் பண்ற? இடிச்சுத் தள்ளி வித்துடு" என்றான். "அந்தச் சூடுதாண்டா அம்மாவை அப்படி ஆக்கிடுச்சு. ரூம் ஜில்லுன்னு இருந்திருந்தா அம்மா நம்மளைத் தொட்டிருக்காது" என்றேன். "ஏன்க்கா, ஷீட்டா வந்து என் காதுல அடிச்சுது? அம்மாதான் அடிச்சுது. நீ இன்னும் அதுக்கு வக்கீலா கீற" என்றான். ஆத்திரத்தில் நான்தான் போனைத் துண்டித்தேன்.

அந்த ஆத்திரத்தோடுதான் மேற்குச் சுவரில் கை வைத்தேன். ஒரு காலத்தில் தோல் மண்டிக்காரர், தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பை மூட்டை மூட்டையாக அடுக்கிய சுவர் அது. எத்தனை பூச்சுப் பூசினாலும் உப்புப் பூத்து உதிரும். செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்தால்தான் புதுப் பூச்சு நிற்கும். கொத்தினேன் என்று சொல்வது பொய், அடித்தேன். ஒரு அடி, கம்பெனியில் பத்துப் பேர் முன்னால் உன்னைக் கேவலமாகத் திட்டிய சூப்பர்வைசருக்கு. ஒரு அடி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போய்த் திரும்பாத அப்பாவுக்கு. மிச்சமெல்லாம் உனக்கு. உப்புத்தூள் வாயில் கரித்தது, கண் எரிந்தது. உள்ளங்கை கிழிந்து சுத்திப் பிடி வழுக்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அடித்தேன். வாய்விட்டுக் கத்தினேன் அம்மா, உன் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

பக்கத்து வீட்டு அக்கா நூர் ஆப்பா ஓடி வந்து வாசலில் நின்றார். "யம்மா எஸ்தர், மெல்ல! ஜாஸ்தி அடிச்சா செங்கல்லும் சேர்ந்து வந்துடும்" என்றார். உள்ளே வந்து என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் தூள் கொண்டுவரப் போனார்.

மூன்று நாள் அடித்தேன். இருக்கிற கோபமெல்லாம் இந்தச் சுவரோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். கைக்கு அடித்துப் பழக்கம்தான் கூடியது.

பிறகு வந்தது பொறுமையான வேலை. அதையும் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. கொத்தனார் பிடிப்பதற்கும் கரண்டி என்றுதான் பெயர் என்பது அதைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. கூரைக்கு மேலே வெள்ளைக் கூலிங் பெயின்ட் இரண்டு கோட்டு. கீழே, ஷீட்டிலிருந்து ஒரு சாண் விட்டு, சுவரிலிருந்து சுவருக்கு இரும்புச் சட்டம். சட்டத்துக்கு மேலே தெர்மாகோல், அதற்கு மேல் வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஷீட், அடியில் ஜிப்சம் போர்டு. போர்டைத் தலையால் தாங்கிக்கொண்டு, துடைப்பக் கட்டையால் முட்டுக்கொடுத்து, ஒற்றைக் கையால் திருகாணி போட்டேன். முதலில் நாலு பக்கமும் இறுக்கமாக மூடிவிட்டேன், காற்றுப் போக வழியில்லாமல் அறை இன்னும் வெந்தது. இரண்டு போர்டைக் கழற்றி, சுவரின் உச்சியில் எதிரெதிராக இரண்டு துவாரம் போட்ட பிறகுதான் மேலே தங்கிய அனல் வெளியே போனது.

சுவரில் ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறேன். நாற்பத்தொன்று காட்டிய அறை முப்பத்து நாலுக்கு வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறையில் தரையில் படுத்து, நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்ததும் சாமுவேலுக்கு போன் பண்ணினேன். "புள்ளையக் கூட்டிக்கினு வாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து கொண்டுவந்து விட்டார், சாயங்காலம் வருகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போனார். கட்டுப் பிரித்திருந்த கை கொஞ்சம் மெலிந்து இருந்தது. ஜெனி அறைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்து, "ஐ, ஜில்லுன்னு இருக்கு!" என்று தட்டாமாலை சுற்றினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் பள்ளி. இருவரும் தரையில் உட்கார்ந்து நோட்டுகளுக்கு பிரவுன் அட்டை போட ஆரம்பித்தோம்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் அட்டையைக் கோணலாக வெட்டினாள். நேராக வெட்டு என்றேன். மறுபடி கோணல். மூன்றாவது தடவை கத்தரி நோட்டின் மேல் அட்டையையே கிழித்துவிட்டது. மர ஸ்கேல் என் கையில் எப்படி வந்தது என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியும், நான்தான் எடுத்தேன். தோளுக்கு மேல் ஓங்கிவிட்டேன்.

ஜெனி அழவில்லை. ஓடவும் இல்லை. கூரையை ஒரு தரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரியாத கணக்கை டீச்சரிடம் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"இப்போ புழுக்கமே இல்லியேம்மா. அப்புறம் இன்னாத்துக்கு?"

அம்மா, நீ இதற்குப் பதில் சொல்லேன். ஸ்கேலோடு எழுந்து வாசலுக்கு வந்து தெருவில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போதுதான் என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஷீட்தான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு ஃபேன். ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளை மேலும் என் கை பட்டதில்லை. பட்டால் வேலை போய்விடும் அல்லவா? உன்னைத் திட்டிய சூப்பர்வைசர் மேல் நீ ஒரு தரமாவது கையை ஓங்கினாயா? வாயை மூடிக்கொண்டு தைத்துவிட்டு, எங்களிடம் வந்தாய். உன் கைக்கு ஆள் தெரியும். என் கைக்கும் தெரிகிறது.

நூர் ஆப்பா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார். "இன்னாம்மா இந்த வெயில்ல நிக்கற?" என்றார். "புள்ளைய அடிக்கப் போய்ட்டேன் ஆப்பா. அன்னைக்கும் கட்டில்லேர்ந்து விழல. நான்தான் அடிச்சேன்" என்றேன். முதல் முறையாக இன்னொரு மனுஷிக்கு முன்னால் சொன்னேன். அவர் ஸ்கேலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உங்கம்மா உங்களை அடிக்கிறது எல்லாம் எங்க சுவத்துல கேக்கும். அடுத்த வூட்டு விஷயம்னு நான் ஒரு நாளும் வந்து கதவைத் தட்டல. அது எனக்கு இன்னும் பேஜாரா இருக்குது. இனிமே சத்தம் கேட்டா வருவேன், நீ கோவிச்சாலும் சரி" என்றார்.

அங்கேயே நின்று சாமுவேலுக்கு போன் பண்ணினேன். "ரூம் நல்லாத்தான் இருக்குது. நான்தான் சரியில்ல. உங்க கிட்ட சூடுன்னு சொன்னது பொய்" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நான் வர்றேன். நானும் புள்ளையும் நம்ம வூட்லதான் இருப்போம். ஆனா நீ டாக்டரைப் பாக்கணும்" என்றார். வேலூரில் மனநல டாக்டரிடம் இந்தச் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். டேவிட்டுக்கும் சொன்னேன். "இப்பவாச்சும் சொன்னியே" என்றான்.

நீ அடித்ததை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. ராத்திரி மெஷின் மிதித்து வீங்கின கால்களோடு எங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டினவளும் நீதான், டேவிட்டின் காதைச் செவிடாக்கினவளும் நீதான். இரண்டு பேர் மேலும் எனக்கு ஆசைதான்.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணித் தருகிறேன். டாக்டரிடம் உன்னையும் காட்டிக்கொடுப்பேன், என்னையும் காட்டிக்கொடுப்பேன், சூட்டின் மேல் பழியைப் போட மாட்டேன். மறுபடியும் என் கை ஓங்கினால், ஜெனி எங்கேயும் போக வேண்டியதில்லை. அவள் அந்த அறையிலேயே குளிர்ச்சியாக இருப்பாள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், கை இறங்குகிற வரைக்கும் வெயிலில் நிற்பேன்.

உன் மூத்த மகள்,
ஜெனியின் அம்மா,
எஸ்தர்