ஒன்பது டிஸ்க்கும் தைலத் துணியும்

அக்டோபர் 12, 2025. குன்னூர்

இன்று அலீனாவின் நினைவு ஜெபம். இருந்தவர்கள்: போதகர், என் வீட்டுக்காரர் ஜஸ்டஸ், பக்கத்து வீட்டு ராஜகுமாரி அக்கா, பாடகர் குழு செல்வி, நான். ஐந்து பேர். மகள் போய்ப் பதினெட்டு வருடம். மகன் ரெனிஷ் வரவில்லை. ஈஸ்டருக்கு வந்துவிட்டு பெங்களூர் போனவன், பிறகு போன்கூட எடுப்பதில்லை.

அக்டோபர் 13

நடந்ததைச் சாக்குச் சொல்லாமல் எழுதிவைக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தேன். ரெனிஷின் அலமாரியில் ஒன்பது பழைய பிளாப்பி டிஸ்க்குகள், ஓரமெல்லாம் பூஞ்சை. இந்த ஊர் ஈரத்துக்கு எதற்கும் செய்வதையே செய்தேன். நீலகிரித் தைலம் தொட்ட துணி. பைபிள் உறையையும் ஷூவையும் துடைக்கிற அதே துணி. தகர மூடியை நகர்த்தி, உள்ளே இருந்த கறுப்புத் தகட்டையும் துடைத்து, கணப்பு ஓரத்தில் காயவைத்தேன்.

அதற்குள் அலீனா இருந்தாள்.

எஸ்டேட் ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த வருடம் அவளுக்கு எட்டு வயது. தினமும் எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். அவ்வளவையும் அண்ணன் சேமித்து வைத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஈஸ்டரன்று, கூடக் கொண்டுவந்த டிரைவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றுகூடத் திறக்கவில்லை. எடுத்து மோந்து பார்த்தான். "கேட்டிருக்கலாம்லம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

நான் சொன்னது: "பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சு. நல்லதுக்குத்தான பண்ணேன்."

சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். மன்னிப்பு என்கிற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. இத்தனை வருடம் ஜெபிக்கிற வாய்.

அக்டோபர் 15

செல்வி வந்தாள். "ஆன்ட்டி, ரெனிஷ் அண்ணா சொந்தமா வெப்சைட் வச்சிருக்காருங்க, பாருங்க." கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மாதிரியே செய்திருக்கிறான். தன்னைப் பற்றி எழுதியிருந்ததை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

'ரெனிஷ். 1996 மாடல். நீலகிரியில் தயாரிப்பு, ஆகவே சூடேற நேரமாகும். நினைவகம் குறைவு, உங்கள் பெயர் மறந்தால் ஒரு தடவை அணைத்துப் போடவும். குடும்பம்: கோப்பு கிடைக்கவில்லை.'

செல்வி கடைசி வரிவரை சிரித்துக்கொண்டே படித்தாள்.

அக்டோபர் 16

மழை. எதுவும் எழுத மனமில்லை.

அக்டோபர் 20

அவன் பாஷையிலேயே பதில் சொன்னால்? அவன் விட்டுப்போன லேப்டாப், அலமாரியில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் பாடப் புத்தகம். நாலு நாள் ஒற்றை விரலால் தட்டி நானும் ஒரு பக்கம் செய்துவிட்டேன். நடுவில் மூன்று தடவை கரண்ட் போனது.

"ஏனுங்க, கரண்ட் இன்னும் பத்து நிமிசம் இருக்குமுங்களா?"

"ஈ.பி.காரங்களுக்கும் சேத்து ஜெபம் பண்ணு. அந்த லேப்டாப்பையாவது தைலம் போட்டுத் தொடைக்காத" என்றார் இவர். சொன்ன பிறகு அவர் முகமே செத்துப்போனது. எழுந்து வெளியே போய்விட்டார்.

என் பக்கம்:

'லோயிஸ். 1969 மாடல். எட்டாம் வகுப்புவரைதான் ஏற்றப்பட்டது. காலை நாலரைக்கு இயங்கும். ஜெபத்துக்குப் பிறகே மற்றக் கட்டளைகளை ஏற்கும். தெரிந்த கோளாறு: கேட்காமல் துடைத்துவிடும். துடைத்த பின் மன்னிப்புக் கேட்கிற நிரல் இதில் இல்லை. இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடு.'

இதைச் செல்விதான் நெட்டில் ஏற்றித் தந்தாள். அவன் பக்கத்தில், பார்க்க வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகிற விருந்தினர் ஏட்டில் இதன் முகவரியை மட்டும் விட்டேன். அம்மா என்று போடத் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 24

பக்கத்தின் அடியில் பார்வையாளர் எண் ஓடுகிறது. யார் திறந்தாலும் ஒன்று கூடும். இன்று 14. நான் 11, செல்வி 2, இவர் 1. மீதி இல்லை.

அக்டோபர் 26

17. மூன்றும் நானே. இனிமேல் நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் திறக்கக் கூடாது.

அக்டோபர் 27

18. நான்.

சிரிப்புக் காட்டி மன்னிப்புக் கேட்டது தப்போ? பிள்ளையின் எழுத்தை அழித்தவளுக்கு வேடிக்கை என்ன? கர்த்தாவே, எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

அக்டோபர் 30

இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மரம் விழுந்துவிட்டது. இன்று மதியம் வந்ததும் திறந்தேன். 23. என்னுடையது ஒன்றுதான். மீதி நாலு.

செல்விக்குப் போன் போட்டேன். "நானில்லைங்க ஆன்ட்டி. எங்களுக்கும் கரண்ட் இல்லியே." இவரைக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

வழிதவறி வந்தவர்களாகவும் இருக்கலாம். ஆனால் நாலு தடவையா?

நவம்பர் 2

ஆராதனை முடிந்து வந்து அவன் பக்கத்தைத் திறந்தேன். மாடல் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது. 'குடும்பம்' என்ற சொல்லும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருந்த 'கோப்பு கிடைக்கவில்லை' என்பதை எடுத்துவிட்டான். புதிதாக எதுவும் போடவில்லை. வெறும் இடம்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எழுது" என்றார்.

விருந்தினர் ஏட்டில் எழுதினேன்:

'ரெனிஷ், அம்மா எழுதுகிறேன். ஒன்பது டிஸ்க்கும் நீ வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருக்கின்றன. அதற்குப் பிறகு நான் தொடவில்லை. எதையாவது மீட்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தால் கொண்டுவருகிறேன், அல்லது நீ வந்து எடுத்துப்போ. எது என்று சொல். சீக்கிரம் பதில் போடு.'