நாலு குட்டிகள்

மார்ச் 3, திங்கள்
காலை முழுவதும் கொசு மருந்து பற்றிக் கூட்டம். நகர சுகாதார அதிகாரி என்றால் பாதி டாக்டர், பாதி சாக்கடை. ஸ்டெதஸ்கோப் எந்த அலமாரியில் கிடக்கிறதோ.

மதியம் ஆய்வகத்திலிருந்து போன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செத்துக் கிடந்த பெட்டை நாய்க்கு ரேபிஸ் உறுதி. ஓடினேன். எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர் சொன்னார்: "போன வாரம் ஒரு சின்னப் பொண்ணு, நீல யூனிஃபார்ம். நாய் வாயிலேர்ந்து கையைப் பிடுங்கிட்டு ஓடிச்சு. முகத்தைப் பார்க்கலீங்க."

எந்த மருத்துவமனைக்கும் அப்படி ஒரு பெண் வரவில்லை. நோய் தலைகாட்டுவதற்குள் ஊசி போட்டால் பிழைப்பாள். தலைகாட்டிவிட்டால் அவ்வளவுதான்.

மார்ச் 4
ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகப் போகிறது. "நாய் கடித்த குழந்தை உடனே வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்." வாசகம் என்னுடையதுதான். மேயர் போனில் குதித்தார். "ஊரையே பயமுறுத்தறீங்களே டாக்டரம்மா! அதான் நாய் செத்துப்போச்சுல்ல?" செத்ததுதான் பிரச்சினை என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். காதில் போட்டுக்கொண்டாரா, தெரியாது.

மார்ச் 5
யாரும் வரவில்லை.

மார்ச் 6
மூன்று பள்ளிகளில் நீலச் சீருடை. வகுப்பு வகுப்பாகக் கையை நீட்டச் சொன்னோம். மையும் சிரங்கும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. எத்தனை பிள்ளைகள் கையை ஒழுங்காக நீட்டினார்கள்? ஒரு தலைமையாசிரியை பரீட்சை நேரம் என்று வாசலிலேயே முகம் சுளித்தார்.

சாப்பாடு இறங்கவில்லை. "நீ ஒருத்திதான் இந்த ஊரைத் தாங்கறியா?" என்றார் கணவர். கத்திவிட்டேன். பின்னே? எங்கேயோ ஒரு பிள்ளை காயத்தை மறைச்சுக்கிட்டுத் தூங்குது. சாகப்போகுதுன்னு அதுக்கே தெரியாது. நான் இங்கே தட்டு கழுவிக்கிட்டு இருக்கேன். என்னத்துக்கு இந்தப் பதவி, இந்த ஜீப்பு—

மார்ச் 8
மறுபடி தையல்காரரிடம். புதிதாக எதுவும் இல்லை. கிளம்பும்போது, "பாவம், குட்டி போட்ட நாய். அந்த நாலையும்கூடக் காணோம்" என்றார்.

அப்படியே அவர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். குட்டியைத் தூக்கப் போனபோது கடித்திருந்தால்? அப்படியென்றால் குட்டிகள் அவளிடம். வாயைத் திறந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். என் ஒலிபெருக்கிதான் அவளை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது. நாளை ஞாயிறு, பள்ளி கிடையாது. ஐயோ.

மார்ச் 10
நாய் கடித்தது யாரை என்று இன்று நான் கேட்கவில்லை. "யார்கிட்ட நாய்க்குட்டி இருக்கு? பால் பவுடர் தர்றோம்" என்றேன், பல்லெல்லாம் தெரிய. இரண்டாவது பள்ளியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. முழுக்கைச் சட்டை. "ஒண்ணு மட்டும் சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர்."

குடியிருப்பின் மோட்டார் அறையில் வைத்து வளர்த்திருக்கிறாள். "ஆணி கிழிச்சுதுன்னு சொன்னாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அம்மா. காயத்தைச் சுற்றி ஊசி இறங்கியபோது பெண் அழவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, "குட்டிங்களைக் கொல்ல மாட்டீங்கல்ல?" என்றாள்.

மாட்டேன் என்றேன்.

மார்ச் 11
சாப்பிடாத குட்டி நடுங்க ஆரம்பித்துவிட்டது. மற்ற மூன்றும் அதோடு புரண்டவை, அந்தத் தாயிடம் பால் குடித்தவை. நாலுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 7
அவளுக்குக் கடைசி ஊசி. குட்டிகளைப் பற்றி யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இனிமேல்தான் பயம். மாதங்கள் கழித்தும் வரக்கூடிய நோய். அவர்கள் வீட்டிலிருந்து போன் வரக்கூடாது.

செப்டம்பர் 16, செவ்வாய்
பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். நன்றாக வளர்ந்திருக்கிறாள். ஐஸ்கிரீம் ஒழுகிக் கை முழுக்க வழிந்துகொண்டிருந்தது. ஜீப்பை நிறுத்தி இறங்கினேன். என்னைக் கண்டதும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிக்கொள்ளட்டும். கிழவியாகிற வரைக்கும் திருப்பிக்கொள்ளட்டும்.